தோற்றவருக்கும் ஒரு மிஷன் எழுதுங்கள்

விண்வெளிப் போர் விளையாட்டுகளுக்கு மிஷன் எழுதும் உங்கள் எல்லோருக்கும்,

பதினான்காவது நிமிடம். சரக்குக் கப்பல் ஆமையாக ஊர்ந்து, தாவிச் செல்லும் வாசலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்கு வந்துவிட்டது. ஆட்டக்காரர் ஏழு பாம்பர்களை வீழ்த்தியிருக்கிறார். எட்டாவது பாம்பர் அவர் பார்க்காத திசையிலிருந்து வருகிறது, இரண்டு டார்ப்பிடோக்களை விடுகிறது, போய்விடுகிறது. ஒரு வெளிச்சம். திரையில் ‘மிஷன் தோல்வி’ என்று எழுத்து. அதன் கீழே ஒரே ஒரு பொத்தான்: மீண்டும் தொடங்கு. பழைய குருடி, கதவைத் திறடி!

மறுபடியும் அதே புறப்பாடு. தளபதி அதே வாக்கியத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்கிறார். மூன்று நிமிடம் வெறும் பயணம். நான்காவது முறை ஆட்டக்காரர் போரிடவே இல்லை. எட்டாவது பாம்பர் எந்த இடத்தில் முளைக்கும் என்பது அவருக்கு இப்போது தெரியும். அங்கே போய் நின்றுகொண்டு, முளைத்த நொடியில் சுட்டுத் தள்ளுகிறார். வெற்றி. அதிகாரி அவருடைய கூர்மையான போர்த்திறனைப் பாராட்டுகிறார். பாராட்டப்படுபவருக்கோ, தான் பண்ணியது மனப்பாடம் என்று நன்றாகத் தெரியும்.

இது எந்த விளையாட்டு என்று கேட்க வேண்டாம். விளையாடியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நீங்கள் யாரும் இப்படி எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் மிஷனுக்கு மிஷன் இது நடக்கிறது. ஏன் நடக்கிறது என்பதைப் பேசி, முடிவில் உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்பதற்காகத்தான் இந்த மடல்.

பெரிய ஸ்டூடியோக்களில் இருப்பவர்களும் படிக்கட்டும். ஆனால் இது முதலில் போய்ச் சேர வேண்டியது, பகல் வேலை முடிந்து வந்து இரவில் எடிட்டரைத் திறந்து வைத்துக்கொள்ளும் உங்களுக்கு. வாலிஷன் நிறுவனம் 1999-இல் ‘ஃப்ரீஸ்பேஸ் 2’ விளையாட்டை வெளியிட்டபோது, தாங்கள் மிஷன் கட்டிய கருவியையே கூடவே கொடுத்தது. ‘ஃப்ரெட்’ என்று நீங்கள் செல்லமாகக் கூப்பிடும் எடிட்டர் அதுதான். 2002-இல் விளையாட்டின் மூலநிரலும் வெளிவந்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த விளையாட்டு மூச்சு விடுகிறது என்றால், அது நீங்கள் கூலி வாங்காமல் எழுதிய கேம்பெய்ன்களால். அந்த உரிமையில்தான் குறை சொல்லவும் தோன்றுகிறது.

முதலில் உங்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

விண்வெளியில் சுவர் இல்லை. தரையில் துப்பாக்கியோடு ஓடும் விளையாட்டு எழுதுபவருக்கு ஒரு தாழ்வாரம் போதும். ஆட்டக்காரர் எந்தப் பக்கம் பார்ப்பார், எந்தக் கதவைத் திறப்பார் என்பதைத் தாழ்வாரமே பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. நாலா பக்கமும், மேலேயும் கீழேயும் ஒரே கறுப்பு. ஒளிய ஒரு தூண் இல்லை, ஏற ஒரு மேடு இல்லை. ஆட்டக்காரரை ஓரிடத்தில் நிறுத்தி வைக்க உங்களிடம் மிச்சம் இருப்பது, அவர் காப்பாற்ற வேண்டிய ஏதோ ஒன்று மட்டும். எஸ்கார்ட் மிஷன் பிறந்தது இப்படித்தான். ஆட்டக்காரர்கள் அதை எழுதுபவரின் சோம்பேறித்தனம் என்று திட்டுவது அநியாயம். அந்த ஆமைக் கப்பல்தான் உங்கள் தாழ்வாரம், உங்கள் சுவர், உங்கள் கதவு.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் ஓரளவு தெரிந்த கதை. ‘எக்ஸ்-விங்’ (1993), ‘டை ஃபைட்டர்’ (1994) இரண்டையும் உருவாக்கியவர்களில் முதன்மையானவரான லாரன்ஸ் ஹாலண்ட், அதற்கு முன்பு இரண்டாம் உலகப் போர் விமான விளையாட்டுகள் செய்தவர். ‘பேட்டில்ஹாக்ஸ் 1942’, ‘தேர் ஃபைனஸ்ட் ஹவர்’, ‘சீக்ரெட் வெப்பன்ஸ் ஆஃப் த லுஃப்ட்வாஃப’ என்று வரிசையாக மூன்று. பி-17 குண்டுவீச்சு விமானத்துக்குத் துணையாகப் பறந்த அனுபவம்தான் பிறகு சரக்குக் கப்பலுக்குத் துணையாகப் பறப்பதாக உருமாறியது. ஆனால் ஐரோப்பிய வானத்தில் கீழே தரை இருந்தது, இடையில் மேகம் இருந்தது. அவை விண்வெளிக்கு வரவில்லை. கப்பல் மட்டும் வந்தது.

ஆக, எஸ்கார்ட் மிஷனை விட்டுவிடுங்கள் என்று இந்த மடல் கேட்கப் போவதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. சுவர் இடிந்த நொடியில் வீட்டையே இழுத்துப் பூட்டிவிடுகிறீர்களே, அதுதான் குறை. கப்பல் போனால் கதை போயிற்று, திரை கறுத்துவிடுகிறது. நிஜமான ஒரு போரில் சரக்குக் கப்பல் வெடித்த மறு நிமிடம்தான் மிகச் சுவாரஸ்யமான கேள்விகள் எழும். உயிர் தப்பிய படகுகளை யார் மீட்பது? அந்தச் சரக்கை நம்பியிருந்த நிலையத்துக்கு இனி என்ன ஆகும்? திரும்பிப் போக எரிபொருள் இருக்கிறதா? இவ்வளவையும் பொத்தான் ஒன்று விழுங்கிவிடுகிறது.

இதெல்லாம் சொல்ல எளிது, செய்ய இடம் வேண்டும், பணம் வேண்டும் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இடத்தைப் பற்றி முதலில் பேசிவிடலாம். 1979-இல் டக் நியூபாவர் அட்டாரி கணினிக்காக ‘ஸ்டார் ரெய்டர்ஸ்’ எழுதினார். மொத்த விளையாட்டும் 8 கிலோபைட் கார்ட்ரிட்ஜில் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதைப்போலப் பல நூறு மடங்கு இருக்கும். அந்த எட்டுக் கிலோபைட்டுக்குள் ஒரு வரைபடம் உண்டு. அதில் நீங்கள் ஒரு கட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு மூலையில் எதிரிகள் உங்கள் நட்சத்திரத் தளத்தைச் சூழ்ந்துகொள்வார்கள். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் தளம் அழியும். அழிந்தால்? ஆட்டம் நிற்காது. எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் இருந்த இடங்களில் ஒன்று குறைந்துவிடும், அவ்வளவுதான். மிச்சப் போரை அந்தக் குறையோடு நடத்த வேண்டும். முடிவில் உங்களுக்கு ஒரு பட்டமும் கிடைக்கும். மோசமாக ஆடியிருந்தால் ‘குப்பைக் கப்பல் கேப்டன்’ அல்லது ‘விண்மீன் மண்டலச் சமையல்காரர்’. தோல்வியைக் கேலி செய்யத் தெரிந்த விளையாட்டு அது. கதவை அடைக்கத்தான் அதற்குத் தெரியவில்லை.

பதினோரு ஆண்டு கழித்து, 1990-இல், கிறிஸ் ராபர்ட்ஸும் ஆரிஜின் நிறுவனமும் ‘விங் கமாண்டர்’ செய்தார்கள். உங்களில் பலர் இந்தப் பக்கம் வரக் காரணமே அதுவாக இருக்கலாம். அதன் கிராஃபிக்ஸைப் பற்றி எழுதாத பத்திரிகை அன்று இல்லை. இந்த மடலுக்கு முக்கியமானது அதன் எலும்புக்கூடு. கேம்பெய்ன் ஒரு மரம். ஒரு சூரிய மண்டலத்தில் சில மிஷன்கள் பறக்கிறீர்கள். அவற்றில் எப்படிச் செய்தீர்கள் என்பதைக் கூட்டிப் பார்த்து, வென்றவர்களின் மண்டலத்துக்கோ தோற்றவர்களின் மண்டலத்துக்கோ உங்கள் தாய்க்கப்பலான ‘டைகர்ஸ் க்ளா’ நகரும். தொடர்ந்து வென்றால் வெனிஸ் என்ற மண்டலத்தில் எதிரிகளான கில்ராத்திகளின் தலைமையகத்தைத் தாக்கும் போர். தொடர்ந்து தோற்றால் ஹெல்ஸ் கிச்சன் என்ற மண்டலத்தில், பின்வாங்கும் கப்பலுக்குக் காவலாகப் பறக்கும் போர். இரண்டுமே விளையாட்டின் முடிவுகள்தான். இரண்டையும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அதைவிட ஆழமாகப் பதிந்தது சவப்பெட்டி. உங்களோடு பறந்த தோழர் செத்தால் செத்தவர்தான். கப்பலில் அவருக்கு இறுதிச் சடங்கு நடக்கும். எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். பொழுதுபோக்கு அறையில் அவரை இனிப் பார்க்க முடியாது. அடுத்து அவரோடு பறக்க வேண்டிய மிஷன் வந்தால் தனியாகவே பறப்பீர்கள். சுவரில் தொங்கும் கணக்குப் பலகையில் யார் எத்தனை எதிரிகளை வீழ்த்தினார்கள் என்று எழுதியிருக்கும். செத்தவரின் பெயரைப் பார்க்கும்போது, அன்றைக்கு அவர் உதவி கேட்டுக் கத்தியதும், நீங்கள் இன்னொரு எதிரியைத் துரத்திக்கொண்டு போனதும் சேர்ந்தே ஞாபகம் வரும். உங்களைக் குற்றவாளி என்று எந்த எழுத்தும் திரையில் சொல்லவில்லை. பலகை போதும்.

அப்படியானால் இந்த மரத்தை எல்லோரும் ஏன் வளர்க்கவில்லை? அதற்கும் காரணம் உண்டு. அதை மறைப்பது நேர்மை அல்ல. ஆட்டக்காரர் கையில் சேமிப்புக் கோப்பு இருக்கிறது. தோற்றதும் அவர் பழைய சேமிப்பைத் திறந்துவிடுகிறார். பல மாதம் உழைத்து நீங்கள் எழுதிய தோல்விக் கிளையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 1991-இல் வந்த ‘விங் கமாண்டர்’ இரண்டாம் பாகம் அந்த அளவுக்குக் கிளை பரப்பவில்லை. கதை ஏறக்குறைய ஒற்றைத் தண்டாகவே போனது. 1994-இல் மூன்றாம் பாகம் மார்க் ஹாமில் போன்ற நடிகர்களைக் கேமரா முன் நிறுத்தியது. படப்பிடிப்பு நடத்திய காட்சியை யாரும் பார்க்காமல் போவது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் வயிற்றெரிச்சல்தான். ‘ஃப்ரீஸ்பேஸ் 2’-இல் ராபர்ட் லோஜியா, கர்ட்வுட் ஸ்மித் போன்றவர்களின் குரல் இருக்கிறது. கிளைக்குக் கிளை அவர்களைப் பேச வைக்க ஒரு ஸ்டூடியோ தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் நீங்கள் ஏன் தயங்க வேண்டும்? உங்களிடம் கணக்குப்பிள்ளை கிடையாது. படப்பிடிப்பு கிடையாது. உங்கள் எடிட்டருக்குத் தோல்வியும் வெற்றியும் ஒரே விலை. ஃப்ரெட்டில் ஒரு நிகழ்ச்சி எழுதுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாததல்ல: இந்தக் கப்பல் அழிந்ததா, அழிந்து இத்தனை நொடி ஆனதா, ஆனால் இதைச் செய். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக, பழைய லிஸ்ப் மொழியின் பாணியில் ஒரு மரம். ‘அழிந்ததா’ என்று கேட்கும் வரிக்கு அடியில் இப்போது நீங்கள் ‘மிஷன் தோல்வி’ என்று எழுதுகிறீர்கள். அதே இடத்தில் ‘மீட்புப் படகுகள் வரட்டும்’ என்றும் எழுதலாம். கேம்பெய்ன் எடிட்டரில் ஒரு மிஷனிலிருந்து இரண்டு கோடுகள் இழுக்கலாம்; முந்தைய மிஷனில் அந்த இலக்கு நிறைவேறியதா என்ற ஒரே கேள்வி, எந்தக் கோட்டில் போவது என்று முடிவு செய்துவிடும். வேலை பார்க்க வேண்டியிருப்பது இரண்டாவது கோட்டின் முனையில் இருக்கும் மிஷனில்தான். அதற்கு ஒரு மாதம் ஆகும் என்றால், எட்டாவது பாம்பரைச் சரியான நொடியில் முளைக்க வைக்க நீங்கள் செலவிட்ட மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆட்டக்காரர் சேமிப்பைத் திறந்துவிடுவார் என்ற பயம் மிச்சம் இருக்கிறது. இங்கே கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. அவர் ஏன் திறக்கிறார்? தோல்விப் பாதை தண்டனைபோல இருக்கும் என்று பல விளையாட்டுகள் அவருக்குப் பாடம் நடத்தியிருக்கின்றன. போன முறை கப்பலை இழந்தவருக்கு, அடுத்த மிஷனில் ஆயுதமும் குறைவு, தோழர்களும் குறைவு, எதிரிகள் அதிகம். ஏற்கெனவே தடுமாறியவரை இன்னும் மேட்டில் ஏறச் சொல்கிறீர்கள். சரிகிறவர் சரிந்துகொண்டே போவார். ‘ஹோம்வேர்ல்ட்’ (1999) இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தது. அதில் ஒரு மிஷனில் மிஞ்சிய படைதான் அடுத்ததற்கும். வைரம் மாதிரி ஒரு யோசனை, ஆனால் விரலையும் அறுக்கும். 2003-இல் வந்த இரண்டாம் பாகம் எதிரியின் பலத்தை உங்கள் படையின் அளவுக்கு ஏற்ப மாற்றிப் பார்த்தது. விளைவு என்ன தெரியுமா? கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் மிஷன் முடியும் முன்பு தங்கள் கப்பல்களைத் தாங்களே கலைத்துவிட்டு, அடுத்த மிஷனில் எதிரியை இளைக்க வைத்தார்கள். நன்றாக ஆடியவர் தன் படையைத் தானே குறைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்றால், எழுதியவர் எங்கோ வழுக்கியிருக்கிறார்.

எனவே தோல்விப் பாதை கடினமாக இருக்க வேண்டியதில்லை. வேறு மாதிரி இருக்க வேண்டும். வென்றவருக்குத் தாக்குதல் மிஷன் என்றால் தோற்றவருக்குத் தேடுதல் மிஷன். வென்றவர் படையோடு போகட்டும்; தோற்றவர் தனியாக, விளக்கணைத்து, நெபுலாவுக்குள் நழுவட்டும். விளையாட்டின் மிக நல்ல வசனத்தை, மிக அழகான காட்சியைத் தோற்றவர் பக்கம் ஒளித்து வையுங்கள். செய்தி தானாகப் பரவும். அப்புறம் பாருங்கள், வென்றவர்களே பழைய சேமிப்பைத் திறந்து, வேண்டுமென்றே தோற்றுப் பார்ப்பார்கள்.

மரம் வளர்க்க மனம் வராதவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. ‘டை ஃபைட்டர்’ அதைத்தான் செய்தது. மிஷனுக்கு முதன்மை இலக்கு, இரண்டாம் நிலை இலக்கு, போனஸ் இலக்கு என்று படிகள். அதற்கும் மேல், விளக்க அறையின் ஓரத்தில் முக்காடு போட்ட ஓர் ஆள் நிற்பார். அதிகாரி சொல்லாத வேலையை அவர் சொல்வார். அது பேரரசரின் இரகசியக் குழுவுக்கான வேலை. அதில் உயர உயர உங்கள் விமானியின் கையில் பச்சை குத்திய சின்னம் வளரும். முதன்மை இலக்கை முடித்தால் கதை நகர்ந்துவிடும். மற்றவற்றில் தோற்றால் தோற்றதுதான். தோல்விக்கு அளவு உண்டு, அரைத் தோல்வி என்று ஒன்று உண்டு என்று அந்த விளையாட்டு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டது. அதன் அண்ணனான ‘எக்ஸ்-விங்’ மிஷன்களோ பூட்டும் சாவியும்போல இறுகியவை. ஆனால் அதிலும் கப்பலிலிருந்து குதித்தால் மீட்கப்படலாம், எதிரியிடம் பிடிபடவும் செய்யலாம். பிடிபடுவது என்ற சொல்லே இன்று எத்தனை விளையாட்டுகளில் இருக்கிறது?

‘ஃப்ரீஸ்பேஸ் 2’-இன் முதன்மைக் கதையும் பெரும்பாலும் ஒற்றைக் கோடுதான். அதற்காக அது தோல்வியை அறியாத கதை என்று சொல்லிவிட முடியாது. ஷிவன் என்ற எதிரி இனத்தின் பிரம்மாண்டமான கப்பலான சத்தானாஸ் வருகிறது. ‘பேர்பெய்ட்டிங்’ என்ற மிஷனில் உங்கள் வேலை அதைக் கொல்வது அல்ல. அதன் முன்பக்கத்தில் இருக்கும் நான்கு பெரிய பீம் பீரங்கிகளை உடைப்பது. 20 ஆண்டுகள் கட்டப்பட்டதாகக் கதை சொல்லும் உங்கள் தரப்புக் கப்பலான கொலாசஸ் அடுத்த மிஷனில் அதன் எதிரே நிற்கப் போகிறது; அந்த மோதலின் பாதியை நீங்கள் முதல் நாளே ஆடி முடிக்கிறீர்கள். சத்தானாஸ் வெடிக்கிறது, ஆரவாரம். கொஞ்ச நேரத்தில் தெரிகிறது, அது ஒன்றல்ல, ஒரு கூட்டமே வந்துகொண்டிருக்கிறது. பிறகு கொலாசஸும் அழிகிறது. கடைசி மிஷனில் கப்பெல்லா என்ற சூரியனே வெடிக்கப் போகிறது, தப்பி ஓடும் கப்பல்களுக்குக் காவல் நிற்கிறீர்கள். அதுவும் எஸ்கார்ட் மிஷன்தான்! நேரத்தோடு நீங்களும் தப்பிப் போகலாம். நின்று இன்னும் சில கப்பல்களைக் காப்பாற்றப் பார்த்து, அங்கேயே எரிந்தும் போகலாம். எரிந்து போனால் ‘மீண்டும் தொடங்கு’ என்று விளையாட்டு சொல்வதில்லை. முடிவுரை மாறுகிறது, அவ்வளவுதான். ஆட்டக்காரரின் சாவை ஒரு முடிவாக ஏற்றுக்கொண்ட அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அதை ஆடியவர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

உங்களிலேயே இதைப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். ‘புளூ பிளானட்’ எழுதிய குழு, அதன் ‘வார் இன் ஹெவன்’ பகுதியில் பூமியின் தரப்பில் ஆட்டக்காரரை உட்கார வைத்தது. அதாவது தோற்றுக்கொண்டிருக்கும் தரப்பில். வென்ற மிஷனுக்குப் பிறகும் வயிற்றில் ஒரு பாரம் மிஞ்சும்படி எழுத உங்களுக்குக் கை வருகிறது. தோற்ற மிஷனுக்குப் பிறகு எழுதத்தான் இன்னும் நிறையப் பேருக்குக் கை வரவில்லை.

கேட்க வந்தது இதுதான். கேம்பெய்ன் முழுவதையும் மரமாக்கச் சொல்லவில்லை. அடுத்து நீங்கள் எழுதப் போவதில், ஒரே ஒரு மிஷனுக்குத் தோல்விப் பொத்தானை எடுத்துவிடுங்கள். முடிந்தால் அது அந்தப் பதினான்கு நிமிட எஸ்கார்ட் மிஷனாகவே இருக்கட்டும். கப்பல் வெடித்தால் வெடிக்கட்டும். திரை கறுக்க வேண்டாம். வானொலியில் பத்து நொடி யாரும் பேச வேண்டாம். அதன் பிறகு உங்கள் இரண்டாவது கோடு தொடங்கட்டும், புதிய மிஷனோடு: உயிர் தப்பியவர்களைத் தேடும் மிஷன். அதில் முதலில் கேட்கும் குரல் தளபதியுடையதாக இருக்க வேண்டாம். அந்தச் சரக்குக் கப்பலின் மீட்புப் படகிலிருந்து பேசும் ஒரு மாலுமியின் குரலாக இருக்கட்டும். நீங்கள் வந்துவிட்டீர்களா என்று அவர் கேட்கட்டும்.

இப்படிக்கு,
எட்டாவது பாம்பரைக் கோட்டைவிட்ட ஓர் ஆட்டக்காரர்